அடியில் தங்குவது கலப்படம் இல்லை, உப்புதான்

ஊறுகாய்க்காக 1 லிட்டர் தண்ணீரில் அரை கிலோ உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்தும் அடியில் தங்குகிறது, அதே அளவு தண்ணீரில் 1 கிலோ சர்க்கரை கரைகிறதே, உப்பில் கலப்படமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். சாதாரண வெப்பநிலையில் 1 லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைத்தான் கரைக்கும். கொதிக்க வைத்தாலும் 390 கிராம் அளவில் நின்றுவிடும். சர்க்கரையோ கிட்டத்தட்ட 2 கிலோ கரையும்!

உப்பில் சோடியம், குளோரைடு அயனிகள் (எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட துகள்கள்) ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சோடியத்தையும், ஹைட்ரஜன் பக்கம் குளோரைடையும் சூழ்ந்து பிரித்தெடுக்கிறது. பிரிக்கச் செலவாகும் ஆற்றலும் சூழ்வதால் கிடைக்கும் ஆற்றலும் ஏறக்குறைய சமம். அதனால்தான் சூடாக்கியும் பெரிய பலன் இல்லை. சர்க்கரையில் அயனிகளே கிடையாது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 8 ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஜோடிகள்) உண்டு, அவை தண்ணீரோடு எளிதாகப் பிணைந்துகொள்ளும். உப்பில் கலப்படமாகச் சேரக்கூடிய சுண்ணாம்புக்கல் தூள் வேறு கதை: அதன் அயனிகளுக்கு இரட்டை மின்னூட்டம், பிடி மிக வலுவானது, கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம்.

சந்தேகம் தீர வேண்டுமா? மேலே உள்ள நீரை இறுத்துவிட்டு, அடியில் இருப்பதில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் புதுத் தண்ணீரில் கலக்குங்கள். முழுசாகக் கரைந்தால் உப்பேதான். வெள்ளையாகத் தங்கினால் அதன் மேல் வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல் தூளாக இருக்கலாம். ஊறுகாய் நீருக்கு இனி லிட்டருக்கு 350 கிராமுக்கு மேல் போடாதீர்கள், வீண்தான்.