பழைய கமேரோ கதவுக் கீலில் ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுவது எப்படி?

1980களின் செவர்லே கமேரோ காரில் கதவுக் கீலின் அச்சு ஊசியையும் (பின்), அதைச் சுற்றியுள்ள சிறு உறையையும் (புஷ்) மாற்றியபின் ஸ்பிரிங் மட்டும் உள்ளே போகவில்லை என்கிறீர்கள். கைபலத்தால் போகாது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே வேண்டாம், தெறித்தால் கண் போய்விடும்.

இதற்கென்றே ஸ்பிரிங் கம்ப்ரஸர் விற்கிறது. சுருள்களைக் கவ்வவிட்டு போல்ட்டை முறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கும். கதவைத் திறந்து, கீழே ஜாக்கி முட்டுக்கொடுத்து (அந்தக் கதவு நீளம், கனமும் அதிகம்), சுருங்கிய ஸ்பிரிங்கைக் கீலில் அதன் முனைகள் உட்காரும் இரண்டு இடங்களுக்கும் நடுவே வைத்து, போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முனைகள் சரியாக உட்கார்ந்தனவா என்று பார்த்துக்கொண்டே தளர்த்த வேண்டும்.

வைஸில் (பட்டறை இறுக்கியில்) நசுக்கி, கம்பியால் கட்டி மாட்டுபவர்களும் உண்டு. கம்பி அறுந்தால் ஆபத்து, எனக்குப் பிடிக்காத வழி. எப்படிச் செய்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். அப்புறம், ஸ்பிரிங் முனைகள் உட்காரும் இடங்களில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.