சுவரில் மாட்டிய கொடி – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் படம் எடுப்பேன். போன மாதம் ஒரு பழைய பொருள் சந்தையில் கொடி ஒன்று வாங்கினேன். சிவப்புத் துணி, குறுக்கே நீலப் பட்டைகள், வெள்ளை நட்சத்திரங்கள். உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்கள் ஏந்திய கூட்டமைப்புக் கொடி. எட்டு டாலர். அந்தச் சிவப்பு கேமராவில் பிரமாதமாக வரும் என்று தோன்றியது. நண்பர்களை அதன் முன் நிறுத்தி வரிசையாக உருவப்படங்கள் எடுக்கத் திட்டம். முதலில் உடன் வேலை பார்க்கும் கறுப்பின நண்பரைக் கூப்பிட்டேன். வந்தார், சுவரைப் பார்த்தார், கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அலுவலகத்தில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது வரலாற்றுச் சின்னம்தானே? நம் வீட்டுக் கதவில் ஸ்வஸ்திக் வரைகிறோம், அதை ஒரு ஐரோப்பியர் தப்பாக எடுத்துக்கொண்டால் நமக்கு எரிச்சல் வருகிறதல்லவா?

கே.

அன்புள்ள கே.,

உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் படத்தில் எண்ணம் விழாது, கொடிதான் விழும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது கூட்டமைப்பு அரசின் தேசியக் கொடி அல்ல. தென் மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் படை போர்க்களத்தில் ஏந்தியது, அதுவும் சதுரமாக. போர் 1865-ல் முடிந்தது. அதோடு அந்தத் துணியை மடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால் ‘வரலாற்றுச் சின்னம்’ என்ற உங்கள் வாதம் ஓரளவு நிற்கும். ஓரளவுதான். தென் மாநிலங்கள் போரில் இறங்கியதே அடிமை முறையைக் காப்பாற்றத்தான்.

மடித்து வைக்கவில்லை என்பதுதான் விஷயம். 1948-ல், கறுப்பர்களுக்குச் சம உரிமை தரக்கூடாது என்று கட்சியை விட்டுப் பிரிந்த தென் மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்களின் கூட்டங்களில் அது பறந்தது. பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் சொன்னது. இரண்டே வருடத்தில், நீங்கள் இருக்கும் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் இதைச் சேர்த்துக்கொண்டது. 2001 வரை அப்படியே இருந்தது. உங்கள் நண்பர் அங்கேயே பிறந்து வளர்ந்தவரென்றால் பள்ளிக்கூடத்துக் கம்பத்தில் அதைப் பார்த்திருப்பார்.

2015 ஜூன் 17 அன்று தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனில் ஒரு தேவாலயத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். சில நாட்களில் அவனுடைய படங்கள் வெளியே வந்தன. கையில் அதே கொடியோடு, கேமராவுக்காக நிதானமாக உட்கார்ந்து எடுத்துக்கொண்டவை. தென் கரோலினா சட்டமன்ற வளாகத்தில் பறந்துகொண்டிருந்த கொடியின் மீது மொத்தப் பேச்சும் திரும்பியது. ஜூன் 27 அன்று பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். கைது செய்தார்கள், கொடியைத் திரும்ப ஏற்றினார்கள். ஜூலை 10 அன்று அரசே அதை இறக்கியது. அவ்வளவு காலம் பேசித் தீராதது, அந்தப் படங்கள் வந்தபின் மூன்றே வாரத்தில் தீர்ந்தது. நீங்கள் சுவரில் மாட்டியபோது, உங்களுக்குத் தெரியாமலே, அந்தப் படங்களின் வரிசையில் உங்கள் நண்பரை நிற்கச் சொன்னீர்கள்.

அப்படியென்றால் கொடியை வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டுவதே தப்பா? அதுவும் இல்லை. பெர்லினில் ரைஹ்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் சோவியத் வீரர்கள் கொடி ஏற்றும் படம் நினைவிருக்கிறதா? 1945 மே 2 அன்று சோவியத் புகைப்படக்காரர் எவ்கெனி கால்தேய் எடுத்தது. கொடியை மாஸ்கோவிலிருந்து கையோடு கொண்டுபோனவர் அவர்தான். சிவப்பு மேசைவிரிப்புகளை வெட்டித் தைத்தது. சண்டை ஓய்ந்த பிறகு ஆட்களை மேலே ஏற்றி எடுத்தார். பத்திரிகைக்குப் போகும் முன் பார்த்தால், கொடி ஏற்றுபவரைக் கீழிருந்து தாங்கிப் பிடித்திருப்பவரின் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம்! கொள்ளையடித்தது என்று பேச்சு வருமே என்று நெகட்டிவில் ஒன்றை ஊசியால் சுரண்டி எடுத்தார்கள். (எனக்கு அந்தப் படத்தில் கொடியைவிட, சுரண்டப்பட்ட அந்தக் கடிகாரத்தின் மேல்தான் அக்கறை.) ஜோடித்த படம்தான். ஆனால் அதில் நிற்பவர்களுக்கு அது தங்கள் கொடி. அதற்காகச் செத்தவர்கள் அவர்களுடைய தோழர்கள்.

இன்னொன்று, 1942. கோர்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் வாஷிங்டனில் ஒரு அரசு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் எலா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்ணை அமெரிக்கக் கொடியின் முன் நிறுத்தினார். ஒரு பக்கம் துடைப்பம், இன்னொரு பக்கம் துடைப்பான். கொடி சற்று மங்கலாக, அவர் தெளிவாக. ஆனால் கேமராவை எடுக்கும் முன் பார்க்ஸ் அவரோடு பேசினார். அந்தப் பெண்ணின் அப்பாவை ஒரு கும்பல் கொன்ற கதையைக் கேட்டார். கொடிக்கும் அந்தப் பெண்ணுக்கும் இருந்த கணக்கு அவருக்குத் தெரியும். நீங்கள் உங்கள் நண்பரிடம் என்ன கேட்டீர்கள்? ‘ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீயா?’ என்பதைத் தவிர?

ஸ்வஸ்திக் விஷயத்துக்கு வருகிறேன். நானும் இதில் அடிபட்டவன். மதுரையில் ஒரு கிரகப்பிரவேசம். புது நிலைக்கதவில் மஞ்சள் பூசி அந்த வீட்டு அம்மா குங்குமத்தில் ஸ்வஸ்திக் வரைந்திருந்தார். ஒரு கை மட்டும் சற்றே வழிந்து காய்ந்திருந்தது. அந்த வழிசல் பிடித்துப்போய், சுற்றிலும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் சின்னத்தை மட்டும் ஒரு ஜெர்மன் நண்பருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரே வரி: “இது எந்த ஊர்ச் சுவர்?” எனக்குக் கோபம் வந்தது, உங்களைப் போலவே. பிறகு வெட்டாத படத்தை அனுப்பினேன். மாவிலைத் தோரணம், வாசலில் ஈரக் கோலம், ஓரத்தில் அந்த அம்மாவின் சிவந்த விரல்கள். அவர் உடனே கூப்பிட்டு வீட்டைப் பற்றி விசாரித்தார். தப்பு அவருடையது அல்ல. அது எங்கே இருக்கிறது, யார் கை வரைந்தது என்பதை நான்தான் வெட்டி எறிந்திருந்தேன்.

தடை ஒன்றும் வேண்டாம், கே. ஜெர்மனியிலேயே, நாஜிச் சின்னங்களைத் தடைசெய்யும் சட்டம் கலைக்கும் ஆய்வுக்கும் செய்திக்கும் விலக்கு தருகிறது. சுவரிலிருந்து அதைக் கழற்றுங்கள். நண்பரிடம் மன்னிப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்பாமல் நேரில் போய்க் கேளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், அவர் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் அதுவும் சரி.

எட்டு டாலர் என்று எழுதினீர்கள். 2026-ல் அந்தக் கொடி பழைய பாத்திரங்களுக்கும் பொம்மைகளுக்கும் நடுவில் எட்டு டாலருக்குத் தொங்குகிறதே, நான் பார்க்க விரும்பும் படம் அதுதான். விற்றவர் முகம் எப்படி இருந்தது? நீங்கள் பேரம் பேசினீர்களா? அந்த விலைச் சீட்டைக் கிழித்திருந்தாலும் பரவாயில்லை, அடுத்த வாரமும் சந்தை கூடும்.

அன்புடன்.