வேலையை விட்டு நீட் எழுதலாமா? தண்டையார்பேட்டை மிஸ்ஸிடம் சில கேள்விகள்

நீட் எழுதுபவர்களுக்குத் தண்டையார்பேட்டையில் உயிரியல் எடுக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே டாக்டர் படிப்பை யோசிப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மிஸ், வயது 27. பி.இ. மெக்கானிக்கல், அரியர் வைத்துத்தான் முடித்தேன். பிளஸ் டூவிலும் சுமார்தான். மணலியில் கான்ட்ராக்ட் வேலை. எனக்கு வாய்ப்பு உண்டா?

உங்கள் பி.இ. மார்க்கை யாரும் கேட்கப்போவதில்லை, தம்பி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 இருந்தால் போதும். அதற்குப் பிறகு நீட் மார்க்தான் பேசும். உச்ச வயது வரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் கிடையாது.

நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் ஓடும்? வாடகை, சீட்டு, அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். சீட் கிடைத்த பிறகும் நான்கரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் வேலை இருக்கிறது. வீட்டில் பேசாமல் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

பிளஸ் டூவில் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். உயிரியலே இல்லை.

பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் செல்லும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த வருடத்து நீட் தகவல் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

லேப் டெக்னீஷியன். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை கொருக்குப்பேட்டை பக்கம் மாநகராட்சிப் பள்ளி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமா, மிஸ்?

இல்லவே இல்லை. வடசென்னையில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும். முந்தைய வருடங்களில் முடித்தவர்களும் கேட்கலாம். இடம் கிடைத்தால் கட்டணம் அரசின் பொறுப்பு, தனியார் கல்லூரியில் கிடைத்தாலும்தான். எட்டாவது வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்றால் இரண்டிலும் தலைமையாசிரியர் கையெழுத்தோடு சான்றிதழ் வாங்குங்கள். கவுன்சலிங் நெருங்கும்போது அலையாமல் இப்போதே போய்வாருங்கள்.

ஷிப்ட் வேலை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

உயிரியலில். மொத்தம் 720, அதில் உயிரியலுக்கு மட்டும் 360. சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 கழியும். உயிரியலில் 90 கேள்விக்கு 80 சரி, 10 தப்பு என்றால் 310. இயற்பியலில் 45இல் 25 சரி, 8 தப்பு, மீதியைத் தொடவில்லை என்றால் 92. பி.இ. படித்தவர்கள் 'இயற்பியல் நமக்கு வரும்' என்று அதையே கட்டிக்கொண்டு உயிரியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுகிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து இயற்பியல் கணக்கு போடாதீர்கள், தூக்கம்தான் ஜெயிக்கும். அந்த நேரத்துக்கு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் பாடப்புத்தகத்தில் நான்கு பக்கம் போதும், படத்தோடு.

'நீட் பாஸ்' என்ற சொல்லிலும் ஏமாறாதீர்கள். 2025இல் பொதுப்பிரிவுக்கு 144 வாங்கினாலே தகுதி. அதை வைத்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைக்காது, ஓ.பி. சீட்டு வேண்டுமானால் கிடைக்கும்.

வெளிநாட்டில் நீட் இல்லாமலே எம்.பி.பி.எஸ். என்கிறார் ஏஜென்ட்.

படிக்கலாம், திரும்பி வந்து இங்கே டாக்டராக முடியாது. நீட் தகுதி வேண்டும். அங்கே குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. இங்கே வந்து வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் 300க்கு 150, மறுபடி ஒரு வருடம் பயிற்சி. இந்தக் கணக்கை ஏஜென்ட் முன்னால் போட்டுக் காட்டுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள்.

மேடம், என் கணவருக்கு வயது 34, இரண்டு குழந்தைகள். வேலையை விடப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

இந்த வருடம் விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வேலையில் இருந்தபடியே மூன்று மாதம் உயிரியல் மட்டும் படிக்கட்டும். அப்புறம் ஒரு ஞாயிறு மதியம் 2 முதல் 5 வரை போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, உயிரியலில் 90 கேள்வி உள்ள பழைய நீட் வினாத்தாள் ஒன்றை முழுதாக எழுத வையுங்கள். உயிரியலில் 250 தாண்டினால் இருவரும் சேர்ந்து வந்து என்னைப் பாருங்கள்.