இந்தக் குறை மட்டும் இல்லையென்றால்… கார் கேள்வி-பதில்

கடந்த இதழில் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: ‘எந்தக் குறை நீங்கினால், இதுவரை ஒதுக்கி வைத்திருக்கும் எந்த கார் பிராண்டை வாங்க முன்வருவீர்கள்?’ வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மறு கேள்விகளாகவே இருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களை ஓட்டிப் பார்த்தவர்கள் அனைவரும் புகழ்கிறார்கள். ஆனால் வாங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால், ‘வேண்டவே வேண்டாம்’ என்று தடுக்கிறார்கள். எதைச் சரிசெய்தால் இந்த நிலை மாறும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தடுப்பவர்களின் அச்சம் காரணமற்றது அல்ல. அதன் பெரும்பகுதி டிஎஸ்ஜி எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றியது. இவ்விரு பிராண்டுகளின் சிறிய கார்களில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச்சுகள் உண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களையும் மற்றொன்று இரட்டைப்படை கியர்களையும் கவனிக்கும். அடுத்த கியர் எப்போதும் தயாராகக் காத்திருப்பதால் நெடுஞ்சாலையில் கியர் மாறுவதே தெரியாது. ஆனால் இந்தக் கிளட்ச்சுகள் உலர் வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. அவிநாசி சாலையில் மாலை நேர நெரிசலில் கார் அங்குலம் அங்குலமாக ஊரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் சூடேறும், தேயும். இதைவிடச் சிக்கலானது, கியர்களை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற பகுதி. மின்னணுச் சுற்றும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வால்வுகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், உள்ளே சிறு கோளாறு என்றாலும் பெரும்பாலும் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். பில் லட்ச ரூபாய்க் கணக்கில் வரும். 2013-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே உலகெங்கும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து, செயற்கை எண்ணெயால் மின்சுற்றில் கோளாறு வரக்கூடும் என்று கூறி, இந்த கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்றிக் கொடுத்தது.

தடுப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றும் இருக்கிறது. 2021-இல் தொடங்கி இவ்விரு பிராண்டுகளிலும் வந்த குஷாக், டைகுன், ஸ்லாவியா, விர்ட்டஸ் ஆகிய நான்கிலும் ஒரு லிட்டர் டர்போ இன்ஜினுடன் வந்த ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இன்ஜின் விசையைக் கடத்தும்) வகையைச் சேர்ந்த வழக்கமான ஆறு கியர் பெட்டிதான். டிஎஸ்ஜி ஒன்றரை லிட்டர் இன்ஜினுக்கு மட்டுமே. எனவே டிஎஸ்ஜிக்கு அஞ்சுகிறவர் பிராண்டையே ஒதுக்க வேண்டியதில்லை. இன்ஜினை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த நான்கு கார்களும் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பின் மோதல் சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்பிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. உதிரிபாகங்களில் 95 சதவீதம் வரை உள்நாட்டிலேயே தயாராவதாக நிறுவனமும் அறிவித்தது.

அப்படியானால் மிச்சமிருக்கும் குறை எது? என் கணிப்பில், சர்வீஸ் சென்டருக்கு சர்வீஸ் சென்டர் மாறுபடும் தரம்தான். விற்பனை குறைவாக இருக்கும் பிராண்டுக்கு ஓர் ஊரில் ஒரு டீலர்தான் கட்டுப்படியாகும். ஒரே டீலர் என்றால் அவரிடம் பிடிக்காவிட்டால் போக வேறு இடமில்லை. அந்தப் பெயர் பரவுவதால் விற்பனை கூடுவதில்லை. விற்பனை கூடாததால் இரண்டாவது டீலர் வருவதில்லை. இந்தச் சுழலைப் பொறியாளர்களால் உடைக்க முடியாது. கோயம்புத்தூரில் இருக்கும் உங்களுக்கு இது பெரிய தடையாக இருக்காது. அரியலூரிலோ ராமநாதபுரத்திலோ இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

கேள்வி: ஃபியட் புன்டோவை இன்றும் கட்டுறுதிக்காகப் பாராட்டுகிறார்கள். சர்வீஸ் மட்டும் நன்றாக இருந்திருந்தால் ஃபியட் இந்தியாவில் நிலைத்திருக்குமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இதற்குச் சந்தையே ஒரு சோதனை நடத்தி விடை சொல்லிவிட்டது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினை மாருதி உரிமம் பெற்று இங்கேயே தயாரித்து, 2007 முதல் ஸ்விஃப்டிலும் பின்னர் டிசையர், எர்டிகா, பிரெஸ்ஸா ஆகியவற்றிலும் பொருத்தி விற்றது. டாடாவும் தன் கார்களில் அதை வேறு பெயரில் பயன்படுத்தியது. மாருதியின் பெயரில் அந்த டீசலுக்காக மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே இன்ஜின் 2009-இல் புன்டோவில் வந்தபோது ஷோரூமுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

காரணம் ஓரளவு தெளிவானது. ஃபியட் கார்கள் முதலில் டாடாவின் டீலர்கள் மூலமாக விற்கப்பட்டன; 2012-இல் அந்த ஏற்பாடு முறிந்ததும் ஃபியட் தனக்கென்று டீலர்களைத் தேட வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில், ஏற்கனவே கார் வாங்கியவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். ஆனாலும் சர்வீஸ் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. போட்டியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறைக் காரைக் கொண்டுவந்தபோது, ஃபியட் அதே புன்டோவின் முகப்பை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மல்டிஜெட்டும் ஃபியட்டின் பெயரும் சேர்ந்தே விடைபெற்றன.

கேள்வி: சிட்ரோயன் சி3 மலிவான விலையில் சொகுசான பயணத்தைத் தருகிறது என்கிறார்கள். பிறகு ஏன் சாலையில் அதிகம் காணப்படவில்லை? (சேலம் வாசகி)

பதில்: திருவள்ளூரில் தயாராகும் இந்தக் காரின் சஸ்பென்ஷன், குண்டும் குழியுமான சாலையில் அதைவிட விலை கூடிய கார்களையும் வெட்கப்பட வைக்கும். ஆனால் 2022 ஜூலையில் அறிமுகமானபோது பின்கண்ணாடிக்கு வைப்பர் இல்லை. பக்கக் கண்ணாடிகளை மின்விசையால் திருப்ப முடியாது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மீட்டர்கூட இல்லை. பின் ஜன்னல்களின் பொத்தான்கள் கதவில் இல்லாமல், முன் இருக்கைகளுக்கு நடுவே, ஹேண்ட் பிரேக்கின் பின்னால் வைக்கப்பட்டிருந்தன. பின்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தா ஜன்னலைத் திறக்க வேண்டுமானால் முன்னால் குனிந்து துழாவ வேண்டும். குடும்பத்தோடு ஷோரூமுக்கு வந்தவர்களின் மனத்தில் பதிந்தது சஸ்பென்ஷன் அல்ல, அந்தப் பொத்தான்தான்.

2024-இல் இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யப்பட்டன. பொத்தான்கள் கதவுக்கு இடம்பெயர்ந்தன. ஆறு ஏர்பேக்குகளும் தானியங்கி ஏசியும் வந்தன. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் இதன் மின்சார வடிவமான இசி3, குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்ஜிய நட்சத்திரம் பெற்றிருந்தது. பின்னர் இதே நிறுவனத்தின் பசால்ட் கார், பாரத் என்கேப் எனப்படும் இந்திய மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியபோதும், மக்கள் நினைவில் பூஜ்ஜியம்தான் நின்றது. முதல் நாளே முழுமையான காராக வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பதே என் கருத்து.

கேள்வி: ஃபோர்டு மீண்டும் மறைமலை நகருக்கு வருகிறது என்ற செய்தியைப் படித்தேன். கிளம்பிப் போகாமல் இருப்பேன் என்று உறுதியளித்தால் அடுத்த காராக ஃபோர்டையே வாங்குவேன். காத்திருக்கலாமா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: காத்திருக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022-இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. குஜராத்தின் சானந்த் ஆலை டாடாவின் கைக்குப் போனது. மறைமலை நகரைப் பற்றி 2025 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு அரசுடன் கையெழுத்தான ஒப்பந்தம், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் ஏற்றுமதிக்காக இன்ஜின்கள் தயாரிப்பதற்கானது. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி. நீங்கள் வாங்கும்படியான கார் எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

ஃபோர்டின் கதையில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. ‘பராமரிப்புச் செலவு அதிகம்’ என்ற பழைய குறையை அந்நிறுவனம் உண்மையிலேயே சரிசெய்ய முயன்றது. ஒரு முழுத் தொகுதியையும் மாற்றாமல் பழுதான சிறு பாகத்தை மட்டும் தனியே வாங்க வழிசெய்தது; சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்பதை வாடிக்கையாளர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வசதியையும் கொடுத்தது. இவை நடைமுறைக்கு வந்தபின் ஃபிகோ, ஈகோஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் திருப்தியாகவே இருந்தார்கள். ஆனால் புதிதாக வாங்க வருபவரின் காதில் பழைய புகார்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லித்தான் நிறுவனம் கதவை மூடியது. ஒருவேளை நாளை ஃபோர்டு கார்களோடு திரும்பினாலும், ‘மறுபடியும் போய்விட்டால்?’ என்ற கேள்விக்கு எந்த உத்தரவாத அட்டையிலும் பதில் எழுத முடியாது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மாருதிதான். மகள் மட்டும், பாதுகாப்பு போதாது என்று வேறு பிராண்டைப் பார்க்கச் சொல்கிறாள். மாருதி அந்தக் குறையைத் தீர்த்துவிட்டதா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: மகள் சொல்வதில் நேற்றைய உண்மை முழுதாகவும், இன்றைய உண்மை ஒரு பகுதியும் இருக்கிறது. 2022-இல் குளோபல் என்கேப் சோதித்த ஸ்விஃப்ட்டுக்கு ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. 2023-இல் வேகன்ஆருக்கும் அதேதான். இரண்டிலும் காரின் உடற்கூடு உறுதியற்றது என்று குறிக்கப்பட்டது. ஏர்பேக்கைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கூட்டை அப்படி மாற்ற முடியாது என்பதால் அந்தக் குறிப்பு நட்சத்திரத்தைவிட முக்கியமானது. 2024 நவம்பரில் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2025-இல் மாருதியின் விக்டோரிஸும் அந்த வரிசையில் சேர்ந்தது.

இதிலிருந்து ‘மாருதி இப்போது பாதுகாப்பானது’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நட்சத்திரம் மாடலுக்குத் தரப்படுவது, பிராண்டுக்கு அல்ல. ஹூண்டாயின் கிராண்ட் ஐ10 நியோஸ் 2020-இல் இரண்டு நட்சத்திரமும், வெர்னா 2023-இல் ஐந்து நட்சத்திரமும் வாங்கின. ஒரே ஷோரூமில் இரு கார்களும் அருகருகே நின்றன. பாரத் என்கேப் சோதனைக்குக் காரை அனுப்புவது நிறுவனத்தின் விருப்பம் என்பதால், மதிப்பெண் இல்லாத மாடல்களும் இருக்கும். மகளிடம் பிராண்டைப் பற்றி வாதிடாமல், நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் சோதனை முடிவை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

கேள்வி: முன் பம்பர் உடைந்து வாரக்கணக்கில் காத்திருந்தேன். ‘பாகம் வரவில்லை’ என்பதே பதில். கார் அருமையானது, நிறுவனம்தான் சரியில்லை. இதை வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? (திருச்சி வாசகர், பிராண்டின் பெயரை நீக்கியிருக்கிறோம்)

பதில்: ஷோரூமுக்குப் போகும் முன் அதே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கே உதிரிபாகக் கவுன்டரில், நீங்கள் வாங்க நினைக்கும் மாடலுக்கு முன் கண்ணாடி, ஹெட்லைட், முன் பம்பர், கிளட்ச் செட் ஆகியவை என்ன விலை, கையிருப்பு உண்டா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். தயங்காமல் கணினியைப் பார்த்துச் சொல்கிறார்களா, ‘ஆர்டர் போட்டால்தான் தெரியும்’ என்கிறார்களா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பிறகு வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மூலையில் பம்பரோ கதவோ இல்லாமல், கண்ணாடியில் தூசி படிந்து நிற்கும் கார்கள் இருந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் ஜாப் கார்டின் (கார் பழுதுக்கு வந்ததைப் பதிவு செய்யும் சீட்டின்) தேதியைப் பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை அந்தத் தேதி சொல்லிவிடும்.

வெளிச்சந்தையில் பாகம் கிடைத்தால் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறையும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. அதிகம் விற்கும் கார்களுக்கு எந்த ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கிறது. குறைவாக விற்கும் கார்களுக்கு இன்றும் நிறுவனத்தின் கவுன்டரைத்தான் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஹோண்டாவின் இன்ஜினுக்கு ஈடில்லை. பிறகு என்னதான் குறை? (மதுரை வாசகர்)

பதில்: கடையில் சரக்கு இல்லை. நான்கு மீட்டருக்குட்பட்ட எஸ்யூவி வேண்டும் என்று வருபவருக்கு, டபிள்யூஆர்-வி நிறுத்தப்பட்டபின் காட்ட ஒன்றுமில்லை. எலிவேட் நல்ல கார். ஆனால் போட்டியாளர்கள் டர்போ, டீசல், ஹைபிரிட் என்று அடுக்கும் பிரிவில், அது ஒரே ஒரு பெட்ரோல் இன்ஜினோடு வந்தது.

கேள்வி: எங்கள் ஊரிலேயே தயாராகும் வின்ஃபாஸ்ட் மின்சாரக் காரை வாங்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது, விஎஃப்6, விஎஃப்7 இரண்டும் அடுத்த மாதமே விற்பனைக்கு வந்தன. குறை என்று பட்டியலிடும் அளவுக்கு இந்தக் கார்கள் நம் சாலைகளில் இன்னும் ஓடவில்லை. ஆலை அருகில் இருப்பதால் சர்வீஸ் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். ஆலைக்குள் யாரும் உங்கள் காரைப் பழுது பார்த்துத் தரப் போவதில்லை. பேட்டரி உத்தரவாதத்தின் விதிகளை முழுமையாகப் படித்து, திருச்சிக்குக் கொடுத்த பதிலில் சொன்ன கேள்விகளை உங்களுக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள். இப்போது வைத்திருக்கும் கார் இன்னும் இரண்டு ஆண்டு ஓடும் என்றால், ஓட்டுங்கள்.