ஆறு வயது காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் வாங்கி ஆறு வருடம் முடிந்துவிட்டது. வீடு வேளச்சேரியில், தரைத்தளத்தில் பார்க்கிங். பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். ‘பழைய வண்டிதானே, தேர்ட் பார்ட்டி போதும்’ என்கிறார் மைத்துனர். ஏஜென்ட்டோ ஃபுல் இன்சூரன்ஸ், பம்பர் டு பம்பர், இன்ஜின் கவர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சட்டத்துக்கு மைத்துனர் சொல்வது போதும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்ட் பார்ட்டியைத்தான். உங்கள் கார் மோதி இன்னொருவருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை, கம்பெனி கட்டும். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. ஆனால் உங்கள் கார் திருடுபோனாலும், மரம் விழுந்து நசுங்கினாலும் ஒரு பைசா வராது.

நீங்கள் பார்க்க வேண்டியது காரின் வயதை அல்ல, வேளச்சேரியை. 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாமும் போதாதென்று, 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அந்த ஏரியாவில் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபுல் இன்சூரன்ஸ் எடுங்கள்.

எடுத்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வெள்ளத்தில் நனைந்த சீட், வயரிங் எல்லாம் அதில் வரும். இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கியது தெரியாமல் சாவியைத் திருகினால், பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘இது வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது’ என்று கம்பெனி கையை விரித்துவிடும். பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் இன்ஜின் கவர் அதற்குத்தான். அது இருந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் நின்ற மட்டம் தெரிய போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, டோ செய்துதான் ஒர்க்‌ஷாப் போக வேண்டும்.

பம்பர் டு பம்பர் எனக்கு இரண்டாம்பட்சம். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் 50 சதவீதமும், உங்கள் காரின் வயதுக்கு உலோக பாகங்களில் 40 சதவீதமும் தேய்மானம் என்று க்ளெய்ம் பணத்தில் கழிப்பார்கள். ஐந்து வருடம் தாண்டினால் சில கம்பெனிகள் இதைத் தருவதே இல்லை. தந்தாலும் விலை பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஐடிவி. காருக்குப் பாலிசியில் போடும் மதிப்பு அது. ஆன்லைனில் பிரீமியம் மலிவாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள், குறைத்து வைத்திருப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இதற்கு நிலையான அட்டவணை கிடையாது, நீங்களும் கம்பெனியும் பேசி வைப்பதுதான். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது கார் மொத்தமாகப் போனதாகக் கணக்கு. கைக்கு வருவதும் அந்த மதிப்பை வைத்துத்தான். இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லட்சத்தை விடாதீர்கள். உங்கள் மாடல் பழைய கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ, அதை ஒட்டி வையுங்கள்.

இப்போதைய கம்பெனி இன்ஜின் கவர் தராவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறலாம். க்ளெய்ம் இல்லாததற்கான போனஸ் உங்களோடு வரும். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால்தான் போகும். காலாவதி ஆக விடாதீர்கள், அந்த இடைவெளியில் எது நடந்தாலும் உங்கள் செலவு. இன்ஜின் கவரைப் புதுப்பிக்கும்போதே சேர்த்துவிடுங்கள். மழை வந்தபின் பாதியில் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.