தோப்பு மோட்டார் மூன்றாம் முறையும் எரிந்தால் எங்கே பார்ப்பது?

கேள்வி: பல துறைகளில் வேலை பார்த்த இன்ஜினியர்கள் எதையும் மொத்தமாகப் பார்ப்பார்கள் என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி? பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் 4 ஏக்கர் தென்னந்தோப்பில் 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், போருக்குள் 800 அடியில் நிற்கிறது. ஒரே வருஷத்தில் மூன்று தடவை காயில் கட்டியாச்சு. இதையே உதாரணமாக வைத்துச் சொல்ல முடியுமா?

மூன்று தடவையும் எரிந்தது மோட்டார், சரி செய்ததும் மோட்டாரைத்தான். எலக்ட்ரீஷியன் வோல்டேஜ் என்பார், போர் போட்டவர் தண்ணீர் இல்லை என்பார், காயில் கட்டுபவர் கம்பி மட்டம் என்பார். மூவருமே பொய் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மரத்தடி வரை ஒரே கோடாக நடந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நாலு வேலை பார்த்தவருக்கு இருக்கும் வசதி, ஒவ்வொரு இடத்திலும் என்ன கேட்கலாம் என்று தெரிந்திருப்பது.

காசில்லாமல் கிடைக்கும் தகவலை முதலில் எடுங்கள். பழைய சுருளை வெட்டி எறியும் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். மூன்று பேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தால் குறைந்த வோல்டேஜ், அதிக சுமை, அல்லது மோட்டார் குளிராமல் ஓடியது. ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருளும் ஒரு முனையில் ஒன்றாகச் சேரும் கட்டு) இரண்டு கருகி ஒன்று புதுசு போல இருந்தால், ஒரு பேஸ் போன பிறகும் ஓடியிருக்கிறது. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பொத்தல் என்றால் இன்சுலேஷன் அடிபட்டிருக்கிறது. அப்போது மட்டும் கட்டியவரைக் கேளுங்கள்.

அடுத்தது கேபிள். 800 அடி உள்ளே, மீட்டர் ரூமிலிருந்து இன்னும் 400 அடி என்று வைத்தால் சுமார் 366 மீட்டர். 7.5 எச்.பி. கிட்டத்தட்ட 13 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் வழியிலேயே 50 வோல்ட் போய்விடும். சாயங்காலம் ஸ்டார்ட்டரில் 380 காட்டினால் மோட்டாருக்குக் கிடைப்பது 330தான். சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆம்பியர் ஏறும், சூடு ஏறும். ஆம்பியர் எல்லை மீறினால் நிறுத்தும் ரிலே டிரிப் ஆகும். உடனே ஒருவர் வந்து ரிலேயை 16 ஆம்பியருக்குத் திருகி வைத்துவிட்டுப் போவார். அதோடு காவல்காரனும் தூங்கிவிட்டான். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 20 வோல்ட், அது தாங்கும்.

இங்கே பலரும் பார்க்காத ஒன்று, மோட்டார் எப்படிக் குளிர்கிறது என்பது. சப்மெர்சிபிளில் மோட்டார் அடியில், பம்ப் மேலே. கீழிருந்து வரும் தண்ணீர் மோட்டாரைத் தடவிக்கொண்டு மேலே போக வேண்டும். நொடிக்கு 15 செ.மீ. வேகமாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நம் பக்கத்துப் பாறையில் ஊற்று பெரும்பாலும் பம்புக்கு மேலேயே உடைந்து வருகிறது. அந்தத் தண்ணீர் மேலிருந்தே பம்புக்குள் போய்விடும், மோட்டார் அசையாத தண்ணீரில் வெந்துகொண்டிருக்கும். கீழிருந்தே வந்தாலும், 6½ அங்குல போரில் 4 அங்குல மோட்டார் நொடிக்கு 1.1 லிட்டர் எடுத்தால் பக்கவாட்டு வேகம் 8 செ.மீ.கூட இராது. தீர்வு 125 மி.மீ. பிவிசி குழாய் ஒரு துண்டு: பம்ப் உறிஞ்சும் இடத்துக்கு மேலே இறுக மூடி, அடியைத் திறந்துவிட்டு, மோட்டாருக்குச் சட்டை போல மாட்டுங்கள். மூன்று முறை காயில் கட்டிய கூலியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஆனால் இவ்வளவும் செய்த பிறகும் மோட்டார் எரியலாம். ஏனென்றால் 7.5 எச்.பி. என்று முடிவு செய்தது யார், எதை வைத்து? பக்கத்துத் தோப்பில் அதுதான் ஓடுகிறது என்பது கணக்கு ஆகாது.

கணக்கை மரத்திலிருந்து தொடங்குங்கள். 4 ஏக்கரில் சுமார் 280 மரம். சொட்டு நீரில் மரத்துக்கு நாளுக்கு 70 லிட்டர் என்றால் 19,600 லிட்டர். பிறகு போர். சித்திரை வெயிலில், கேட் வால்வை மெல்ல மூடி, ஆம்பியர் முள் ஆடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் இடத்தைப் பிடித்து, 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 4 நிமிடம் 45 விநாடி என்றால் ஊற்று நொடிக்கு 0.7 லிட்டர். 1.1 லிட்டர் எடுக்கும் பம்ப் அதில் காற்றைத்தான் உறிஞ்சும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆம்பியர் சட்டென்று கீழே விழுவது அதன் அடையாளம்.

அப்படியானால் உங்களுக்கு வேண்டியது 0.7 லிட்டருக்குள் எடுக்கும் 5 எச்.பி. தோப்பை 70 மரமாக நாலு பாகம் பிரியுங்கள். மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் சொட்டுவான் நாலு என்றால் ஒரு பாகத்துக்கு மணிக்கு 2,240 லிட்டர், ஊற்றுக்குள் அடங்கும். பாகத்துக்கு இரண்டேகால் மணி, மொத்தம் 9 மணி நேரம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் கட்-ஆஃபை ஓடும் ஆம்பியரில் 80 சதவீதத்துக்கு வையுங்கள். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இல்லாமல் சுவிட்சைப் போடவே வேண்டாம்.

1908-ல் மூசி ஆறு ஹைதராபாத்தை அடித்துக்கொண்டு போன பிறகு இன்ஜினியர் விசுவேசுவரய்யா வந்து பார்த்ததும் இப்படித்தான். ஊருக்குள் கரையை உயர்த்துவதோடு நிற்காமல், மேலே ஆற்றிலேயே வெள்ளத்தைத் தேக்கச் சொன்னார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அதன் வழியே வந்தவை. அதற்கு முன்பே அவர் குடிநீர், பாசனம், அணைக் கதவு என்று பல வேலை பார்த்திருந்தார்.

கடைசியாக ஒரு சௌகரியம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், விவசாய மின்சாரம் இலவசம், யூனிட்டை யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்கு மீட்டர் இருக்கிறது. புது செட் ஓடத் தொடங்கிய வாரத்திலேயே ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று சுவரில் எழுதி வையுங்கள்; இந்த ஆழத்துக்கு 2-க்குப் பக்கத்தில் வரும். மாதம் ஒருமுறை டிரம் வைத்துப் பாருங்கள். அது 2.5-ஐத் தொட்டால் பெரும்பாலும் உள்ளே பைப் ஜாயின்ட் கசிகிறது, அல்லது பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கும்போதே தூக்கிவிடுங்கள்.