ஆடுபுலி ஆட்ட ஆப்: பிளே ஸ்டோர் பக்கத்தைப் பார்க்கிறார்கள், இன்ஸ்டால் செய்வதில்லை. படங்களையும் விவரத்தையும் எப்படித் திருத்துவது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: கும்பகோணத்தில் இருவர் சேர்ந்து ஆடுபுலி ஆட்டத்தை மொபைல் கேமாகச் செய்திருக்கிறீர்கள். ஐகானில் தஞ்சைப் பெரிய கோயில் விமானம், வயல், புலி, ஆடு, கீழே தமிழில் பெயர். விவரம் நம் பாரம்பரியப் பெருமையோடு தொடங்குகிறது. பக்கத்துக்கு ஆள் வருகிறது, இன்ஸ்டால் மட்டும் ஏறவில்லை.

உங்கள் படங்கள் ஊரைக் காட்டுகின்றன. ஆட்டம் எங்கே என்று பார்ப்பவர் தேட வேண்டியிருக்கிறது. தேடுமளவுக்குப் பொறுமை யாருக்கும் கிடையாது. டெல்டாவிலிருந்து வரும் கேம்களில் இது அடிக்கடி நடக்கிறது. விமானத்தையும் நெல் வயலையும் விட மனசு வராது. இரண்டும் ஸ்கிரீன்ஷாட்டின் பின்னணியில் அழகாக உட்காரும், ஐகானில் வேண்டாம்.

ஐகானை 512க்கு 512 பிக்சல் பிஎன்ஜி கோப்பாக, 1024 கேபிக்குள் கேட்கிறார்கள். வரைவதும் அந்த அளவில்தான். ஆனால் தேடல் பட்டியலில் அது கட்டைவிரல் நகத்தளவுதான் தெரியும். வரைந்த படத்தை 48 பிக்சலுக்குச் சுருக்கி, போனில் போட்டு, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மத்தியான வெயிலில் கையை நீட்டிப் பாருங்கள். விமானம் ஒரு பழுப்புக் கறையாகிவிடும், பெயர் எறும்பு வரிசையாகிவிடும். மிஞ்சுவது புலியின் முகம் ஒன்றுதான். அப்படியானால் அதையே ஐகான் நிறைய வரையுங்கள். பார்வை ஒரு பக்கமாக இருக்கட்டும். புலி பார்க்கும் பக்கத்து மூலையில் ஆட்டின் கொம்பும் காதும் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். துரத்தல் புரிந்துவிடும். பின்னணிக்கு நாற்றங்கால் பச்சை, அந்த மஞ்சள் கலந்த இளம்பச்சை, ஆரஞ்சுப் புலியைத் தூக்கிக் கொடுக்கும். கதிர் பிடிக்கும் முன் இருக்கும் சம்பா வயலின் அடர்பச்சை டார்க் தீமில் அமுங்கிவிடும். தஞ்சாவூர் ஓவியப் பாணியில் தங்க வேலைப்பாடும் வேண்டாம். சுவரில் ஜொலிப்பது, சுருங்கினால் மங்கல் பழுப்பு. மூலைகளை நீங்களே வளைக்காதீர்கள், நிழலும் போடாதீர்கள். ஸ்டோரே வளைத்து நிழலும் சேர்க்கிறது. நீங்களும் வளைத்தால் ஓரத்தில் இரட்டைக் கோடு விழும்.

ஸ்கிரீன்ஷாட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு சாதன வகைக்கு எட்டு வரை ஏற்றலாம், பார்வை நிற்பது முதல் மூன்றில். நெட்டுவாட்டில் ஆடும் கேம் என்றால் 1080க்கு 1920 அளவில் குறைந்தது மூன்று வையுங்கள்; ஸ்டோர் பெரிய படத்தோடு பரிந்துரைக்கும் இடங்களுக்கு அது தேவை. முதல் படத்தில் ஸ்பிளாஷ் ஸ்கிரீனையோ (கேம் திறக்கும்போது வரும் முகப்பு) மெனுவையோ வைப்பது பெரிய வீண். பலகையில் 23 புள்ளிகள். 3 புலியும் 15 ஆடும் இறங்கிவிட்டால் காலியாக இருப்பது 5தான். அந்த நிலையைப் படமெடுத்தால் புள்ளியும் காயும் கலந்து ஒரே நெரிசல். ஆறேழு ஆடுகள் இறங்கியிருக்கும்போது, ஒரு புலி ஆட்டின் மேல் தாவி எதிர்ப்புள்ளிக்குப் போகும் நொடியைப் பிடியுங்கள். தாவும் வழியை ஒரு வளைகோடாகக் காட்டுங்கள். விதி தெரியாதவருக்கும் “ஓ, இப்படித்தான் வெட்டணும்” என்று விளங்கும். இரண்டாவது படத்தில் நான்கு பக்கமும் ஆடுகள் அடைத்து, நகர இடமில்லாத புலி. மூன்றாவதில் போனைத் தரையில் வைத்து இருவர் ஆடும் முறை. விமானமும் வயலும் இந்த மூன்றின் பின்னணியில் மங்கலாக வரட்டும்.

படத்தின் மேல் எழுத்து மூன்று நான்கு சொற்கள் போதும், பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. “தாவினால் வெட்டு” என்பது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. “இப்போதே இன்ஸ்டால் செய்யுங்கள்” போன்ற அழைப்பைப் போடாதீர்கள், ஸ்டோர் அதை விரும்புவதில்லை. எழுத்துரு தடிமனாக இருக்கட்டும்; மெல்லிய தமிழ் எழுத்தில் சுழிகள் அடைபட்டுவிடும். போட்டோஷாப்பில் தமிழ் எழுத்தின் கொம்பு இடம் மாறி நின்றால் டைப் அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளக்ஸ் கடையில் டிசைன் செய்து வாங்கினால் பாமினி எழுத்துருவா என்று கேளுங்கள். படத்துக்குள் அது சரியாகத் தெரியும். அந்த வாசகத்தையே நகலெடுத்து விவரப் பகுதியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், காரணம் பாமினி யூனிகோட் (எல்லா போனும் படிக்கும் பொது எழுத்துமுறை) இல்லை.

ஃபீச்சர் கிராஃபிக், அதாவது ஸ்டோர் கேட்கும் அகலவாட்டுப் படம், 1024க்கு 500 பிக்சல். வீடியோ இணைத்திருந்தால் நடுவில் பிளே பொத்தான் உட்காரும், புலி முகத்தை அங்கே வைக்காதீர்கள். வீடியோவுக்கு முப்பது விநாடி போதும், முதல் மூன்று விநாடிக்குள் ஒரு வெட்டு நடந்துவிட வேண்டும். பல இடங்களில் ஒலியில்லாமல்தான் ஓடும், ஆகவே குரலில் விளக்குவது பயன் தராது. வீடியோவை யூடியூபில் ஏற்றித்தான் இணைப்பீர்கள், அங்கே அதற்கு விளம்பரத்தை அணைத்து வைக்க வேண்டும். சினிமாப் பாட்டைச் சேர்த்தால் உரிமைக்காரர் கோரிக்கை வைத்து அவரே விளம்பரம் ஓட்டக்கூடும். உங்கள் கேம் பக்கத்தில் வேறொரு கேமின் விளம்பரம் வந்து நிற்கும்.

இனி எழுத்து. பெயருக்கு 30 குறிகள், சுருக்க விவரத்துக்கு 80, முழு விவரத்துக்கு 4000. தமிழில் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். “ஆடுபுலி ஆட்டம்” கண்ணுக்கு எட்டு எழுத்து, கணக்கில் இடைவெளியோடு 14. சுருக்க விவரத்துக்கு ஒரு மாதிரி: “3 புலி, 15 ஆடு. போனோடு ஆடலாம், இருவராகவும் ஆடலாம். நெட் வேண்டாம்.” மொத்தம் 65. பெயரில் “நம்பர் 1”, “சிறந்த”, “இலவசம்”, எமோஜி எதுவும் கூடாது, விதிப்படி நிராகரிக்கப்படலாம்.

முழு விவரத்தைப் பெரும்பாலோர் திறப்பதே இல்லை, திறப்பவரும் முதல் மூன்று வரியோடு நிற்பார். அங்கே பாரம்பரியப் பெருமை வேண்டாம், ஆட்டம் வரட்டும்: “புலி தாவினால் ஒரு ஆடு போச்சு. ஆடுகள் கூடி அடைத்தால் புலிக்கு வழியில்லை. நீங்கள் எந்தப் பக்கம்?” அடுத்து முறைகள், கடினநிலைகள், விளம்பரம் எப்போது வரும் என்பது. விளம்பரத்தை மறைத்தால் இன்ஸ்டால் ஏறும், ஒரு நட்சத்திர ரிவியூவும் சேர்ந்தே ஏறும். திண்ணையிலும் கோயில் கல்தரையிலும் கட்டம் கீறி ஆடிய கதை அதற்கும் பின்னால். அதைச் சொல்லுங்கள், நல்ல கதை.

ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். நம் ஆட்களில் நிறையப் பேர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிவது உங்கள் ஆங்கிலப் பக்கம். அங்கே பெயர் வெறும் “புலியும் ஆடும்” என்ற மொழிபெயர்ப்பாக இருந்தால் மன்னார்குடியில் தேடுபவருக்குக் கிடைக்காது. ஆங்கில எழுத்தில் “ஆடு புலி ஆட்டம்” பெயரிலேயே வரட்டும். ஆ என்பதற்கு ஒரு ஏ போட்டும் இரண்டு ஏ போட்டும் தேடுவார்கள். இன்னொரு எழுத்துக்கூட்டலை விவரத்தில் இயல்பாக ஒருமுறை சேர்த்தால் போதும், அடுக்கினால் விதிமீறல். தமிழ்ப் பக்கத்தைத் தனியாகச் சேர்த்து, அதற்குத் தமிழ் இடைமுகத்தின் ஸ்கிரீன்ஷாட்டையே ஏற்றுங்கள்.

மாற்றியபின் பிளே கன்சோலில் (ஆப்பை நீங்கள் நிர்வகிக்கும் பக்கம்) ஸ்டோர் பட்டியல் சோதனை வைக்கலாம்; வருபவர்களில் ஒரு பகுதிக்குப் பழையதும் மற்றவர்களுக்குப் புதியதும் காட்டி ஒப்பிடுவது அது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், முதலில் ஐகான். குறைந்தது ஒரு வாரம் ஓடட்டும், ஞாயிறும் புதனும் ஒன்றல்ல. நாளுக்கு ஐம்பது அறுபது பேர்தான் வருகிறார்கள் என்றால் அந்தச் சோதனை எளிதில் முடிவு சொல்லாது. அதற்குப் பதில், கேமைப் பார்க்காத பத்துப் பேரிடம் பக்கத்தை மூன்று விநாடி காட்டி மூடிவிட்டு, “இதில் விரலால் என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். ஏழெட்டுப் பேர் “புலியை நகர்த்தி ஆட்டை வெட்டணும்” என்றால் படங்கள் தயார். படத்தை நேரடியாக மாற்றிவிட்டுப் போன வாரத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் பொங்கல் வாரத்தில் செய்யாதீர்கள். லீவில் வரும் கூட்டம் கணக்கைக் குழப்பிவிடும்.